'வீடு இருக்கு சார்... நாய்க்கு இல்லை!'

திருச்சி, ஸ்ரீரங்கத்தில் பெரிய நாயுடன் வாடகை வீடு தேடுவோர் படும் பாடு

திருச்சி:-

வாடகை சரி. அட்வான்சும் சரி. தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம். சாவியைக் கையில் வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து வாடகைக்கு வந்தவர் வாயைத் திறக்கிறார். 'எங்ககிட்ட ஒரு நாய் இருக்குங்க.'

'சின்ன நாய்தானே?'

'இல்லைங்க, கொஞ்சம் பெரிசு. லாப்ரடார். முப்பது கிலோ இருக்கும்.'

அவ்வளவுதான்! சாவி மறுபடியும் இடுப்புக்குப் போய்விடுகிறது. 'தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. ஊர்ல இருந்து எங்க மச்சான் வர்றதா சொல்லியிருக்காரு. அவருக்குத்தான் இந்த வீடு' என்று பதில் வருகிறது. பத்து நிமிஷத்துக்கு முன்பு இல்லாத மச்சான் திடீரென்று எங்கிருந்துதான் முளைக்கிறாரோ!

தில்லை நகர், உறையூர், கே.கே.நகர், காவிரியைத் தாண்டி திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று எங்கே போனாலும் பெரிய நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கதை இதுதான். மச்சானுக்குப் பதில் சில இடங்களில் மகள் வருகிறாள். சில இடங்களில் வெள்ளையடிக்கும் வேலை வருகிறது.

மாற்றல்

மாற்றல் உத்தரவோடு வந்து இறங்குகிறவர்கள் நிறைந்த ஊர் திருச்சி. ரெயில்வே கோட்டத் தலைமை அலுவலகம் இங்கே இருக்கிறது. பொன்மலையில் ரெயில்வே பணிமனை, திருவெறும்பூரில் 'பெல்' தொழிற்சாலை. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், கல்லூரிகள், பேங்குகள் வேறு. குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் டூலெட் போர்டு தேடி அலைய வேண்டும்.

பேங்க் குமாஸ்தா ஒருவர் மாற்றலாகி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், நாலு வயசு லாப்ரடார். நாய்க்குப் பெயர் மணி. (நம் ஊர் நாய்களில் பாதிக்கு அதுதானே பெயர்!)

மணியைத் திருச்சிக்குக் கொண்டு வருவதே முதல் சோதனை. ரெயிலில் இரண்டே வழிதான். ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கூபேயையோ, நாலு பெர்த் கேபினையோ முழுசாகத் தன் குடும்பத்துக்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். ராத்திரி முழுக்க அந்தக் கூண்டில் கிடந்து வரும் நாய், ஜங்ஷனில் இறங்கும்போது பாதி உயிராகத்தான் இருக்கும்.

இறங்கியதும் ஆட்டோ. நாயைப் பார்த்ததும் 'சீட்டைக் கிழிச்சிடும் சார்' என்று வண்டியை நகர்த்திவிடுகிறார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்சில் ஏறலாம் என்றால் கண்டக்டர் விடமாட்டார். ஜங்ஷனில் இருந்து ஸ்ரீரங்கம் ஏழு கிலோ மீட்டர் சொச்சம். நாயோடு நடந்தா போக முடியும்?

ஆகவே நாயைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, குமாஸ்தா தனியாக வந்து வீடு பார்க்கிறார். நாயின் போட்டோ மட்டும் செல்போனில் இருக்கிறது. அதைக் காட்டுவதா, மறைப்பதா என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

பயம்

வீட்டுக்காரர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கதவைப் பிறாண்டும். மொசைக் தரையில் சிறுநீர் கழித்தால் நாற்றம் லேசில் போகாது. மாடிப்படியில் குழந்தைகள் ஏறி இறங்குகின்றன. கீழ்வீட்டுப் பாட்டிக்கு வயசு எண்பது. முப்பது கிலோ நாய் ஆசையாகத் தாவினாலே போதும், பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிடும். ஆஸ்பத்திரி செலவை யார் கொடுப்பது?

அதோடு சென்னைச் செய்திகள் ஏற்படுத்திய பயம் வேறு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் பூங்கா காவலாளியின் 5 வயது மகளைக் கடித்துக் குதறின. நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் செத்தே போனார். இரண்டுமே தெருநாய் அல்ல. வீட்டில் வளர்த்த நாய்கள்.

அன்றிலிருந்து பெரிய நாய் என்றாலே வீட்டுக்காரர் கண்ணுக்கு ராட்வீலராகத்தான் தெரிகிறது. 'இது லாப்ரடார், குழந்தை மாதிரி' என்று சொன்னால், 'அதுவும் பல் உள்ள குழந்தைதானே?' என்கிறார்கள்.

இதில் அரசாங்கமும் கொஞ்சம் குழப்பியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல், ராட்வீலர், மாஸ்டிப் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்குத் தடை போடும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. மே மாதம் பூங்கா சம்பவத்துக்குப் பிறகு தமிழக கால்நடைத் துறையும் அதே மாதிரி ஒரு தடை உத்தரவு போட்டது. போட்ட வேகத்திலேயே வாபஸ் வாங்கியது. தடை வந்த செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வாபஸ் ஆன செய்தி பாதிப் பேருக்குப் போகவில்லை. 'பெரிய நாய்க்குத் தடையாமே?' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 23-ல் லாப்ரடாரும் இல்லை, அல்சேஷனும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 'சின்ன நாய் என்றால் பரவாயில்லை' என்று பொமரேனியனுக்கு வீடு கொடுக்கிறார்கள். குரைப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே ஆரம்பித்துவிடும். பெரிய நாய்களில் பல, திண்ணையில் படுத்தால் எழுந்திருக்கவே யோசிக்கும் ரகம். ஆனால் பார்வைக்குப் பெரிசாக இருக்கிறதே, அதுதான் குற்றம்!

நம் நாட்டு நாய்க்கும் இதே கதிதான். ராஜபாளையம் நாய்க்குத் தபால் துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டது. 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பெயர் சொல்லி, வளர்த்தால் இந்திய நாய்களை வளருங்கள் என்றார். தபால்தலையில் இடம் கிடைத்த நாய்க்கு மாடிப் போர்ஷனில் இடம் இல்லை.

ரங்கம்

திருச்சியில் ஒரு கஷ்டம் என்றால் ஸ்ரீரங்கத்தில் இரண்டு.

ஸ்ரீரங்கம் 1994-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுவரை தனி நகராட்சி. பழக்கவழக்கத்தில் இன்றைக்கும் அது தனி ஊர்தான். கோயிலுக்கு 7 பிரகாரங்கள். வெளிப் பிரகாரங்களில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று கோயில் மதிலுக்கு உள்ளேயே வாடகை வீடு கிடைக்கும் ஊர் இது.

வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரெயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். இங்கே நாய் குரைத்தால் அங்கே ஊஞ்சலில் படுத்திருப்பவர் எழுந்து உட்காருவார். ஒரே வீட்டை மூன்று, நாலு போர்ஷனாகத் தடுத்து விட்டிருப்பார்கள். கொல்லைப்புறப் போர்ஷனுக்கு நாய் போக வேண்டுமானால் எல்லோர் வாசலையும் தாண்டித்தான் போயாக வேண்டும்.

'சைவம் மட்டும்' என்ற போர்டு இங்கே சகஜம். அந்த இடத்தில்தான் நாய் விஷயம் சிக்கலாகிறது. குமாஸ்தா சைவமாகவே இருக்கலாம். மணி சைவமா? 'நீங்க சாப்பிட மாட்டேள், சரி. அதுக்குக் கறி வேகவெச்சா அடுப்பு எங்களோடதுன்னா?' என்று மாமி கேட்டால் பதில் சொல்ல முடியாது. தயிர் சாதத்திலேயே வளரும் நாய்கள் ஸ்ரீரங்கத்தில் உண்டு. ஆனால் முப்பது கிலோ நாய்க்குத் தயிர் சாதம் மட்டும் போட்டால் உடம்பு தாங்காது. முட்டைக்கே அனுமதி வாங்குவது பெரும்பாடு.

இன்னும் இருக்கிறது. விடியற்காலையில் நாயை வெளியே அழைத்துப் போனால் வாசலுக்கு வாசல் கோலம். மாடிக்கு விட்டால் வடாம் காய்கிறது. உற்சவ நாட்களில் மேளமும் வேட்டும். சித்திரைத் தேர் ஓடும் வீதியில் வீடு என்றால் அன்றைக்கு நாய் கட்டிலுக்கு அடியில்தான். போதாததற்குத் தெருநாய்க் கூட்டம். புதுசாக ஒரு பெரிய நாய் தெருவில் இறங்கினால் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை பாளையப்பட்டுச் சண்டைதான்.

மகாபாரதத்தில் சொர்க்கத்தின் வாசல் வரை போன தருமர், 'நாயை விட்டுவிட்டு வா' என்று இந்திரன் சொன்னதும் உள்ளே போக மறுத்துவிட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் ஜனம் பரமபத வாசல் தாண்டும் ஊரில் இந்தக் கதை தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் தருமர் வாடகைக்குக் கேட்கவில்லையே!

சட்டம்

பழைய வீடுதான் இப்படி, பிளாட்டுக்குப் போகலாம் என்று அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கமோ, தில்லை நகர் பக்கமோ வந்தால் அங்கே சங்கம் இருக்கிறது. 'வீட்டு ஓனருக்கு ஆட்சேபணை இல்லை சார், அசோசியேஷன் ஒத்துக்காது' என்று புரோக்கர் சொல்கிறார்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-ந் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. கூட்டம் போட்டு எல்லோரும் கை தூக்கினாலும் அது செல்லாது. 'சின்ன நாய் சரி, பெரிய நாய் கூடாது' என்றும் சொல்ல முடியாது. லிப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. குரைப்பது நாயின் சுபாவம், அதையே காரணம் காட்டி வெளியேற்றவும் முடியாது. அதே சமயம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல், முக்கியமாக ராத்திரியில், பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு. 2021-ல் கேரள ஐகோர்ட்டும், நாய் வளர்க்கக்கூடாது என்று சங்கங்கள் விதி போடுவது சட்டவிரோதம் என்று தீர்ப்பு சொன்னது.

சந்தோஷப்படுவதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கை கட்டப்பட்டிருப்பது சங்கத்துக்குத்தான். சொந்தக்காரருக்கு அல்ல. தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது அவர் இஷ்டம். 'நாய் உள்ளவருக்குத் தரமாட்டேன்' என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போயும் சாவி வாங்க முடியாது. மச்சான் கதை அவசியமே இல்லை. பாவம், அவர்களாகத்தான் பொய் சொல்லிக் கஷ்டப்படுகிறார்கள்.

ஆனால் வீட்டைக் கொடுத்துவிட்ட பிறகு நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. (அந்த 'ஒழிய' வழியாகத்தான் மீதி மாதங்கள் உள்ளே நுழைகின்றன!) பிடிக்கவில்லை என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவதோ, கரண்டைப் பிடுங்குவதோ கூடாது. காலி செய்ய வைக்க வேண்டுமானால் வாடகைக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டைப் பிறருக்குத் தொல்லையாகவோ, சேதம் வரும்படியோ பயன்படுத்துவதும் காலி செய்யச் சொல்லக் காரணமாகும். கதவெல்லாம் பிறாண்டல், தெருவே புகார் என்றால் நாய்க்காரர் கேஸ் நிற்காது.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் அது போலீஸ் விவகாரம். பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுப்படி, வளர்ப்பு மிருகத்தை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். பழைய சட்டத்தில் அபராதம் ஆயிரம் ரூபாய்தான்.

ஒளிப்பு

இத்தனை இடத்தில் கதவு சாத்தியதும் சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். நாய் இல்லை என்று சொல்லிக் குடி வந்துவிடுவது. ஒரு வாரம் கழித்து ராத்திரியோடு ராத்திரியாக நாயைக் கொண்டு வருவது. 'தம்பியோட நாய், ரெண்டு நாள்ல போயிடும்' என்பது.

சின்ன நாயை இப்படிச் சமாளிக்கலாம். முப்பது கிலோ நாயை எங்கே ஒளிப்பது? பகலெல்லாம் பாத்ரூமில் அடைக்கிறார்கள். இல்லாவிட்டால் மொட்டை மாடியில் சங்கிலி. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனதும் அது அழ ஆரம்பிக்கும். தனியாக அடைத்துப் போட்ட நாய்தான் அதிகம் குரைக்கும். ஆக, சத்தம் வரக்கூடாது என்று செய்த காரியமே சத்தத்தைக் கொண்டு வருகிறது.

'எந்நேரமும் கட்டியே வெச்சிருங்க, அப்ப சம்மதம்' என்று நிபந்தனை போடும் வீட்டுக்காரர்களும் உண்டு. அது கேட்பதற்குத்தான் நியாயம். நாயை நியாயமில்லாத நேரம் சங்கிலியில் கட்டிப் போடுவதும், கட்டிய நாயை உலாத்தாமல் விடுவதும் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியில் குட்டு வெளிப்படுகிறது. மாசக் கடைசிக்குள் காலி செய் என்கிறார்கள். வேறு வீடு கிடைக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை. அப்போதுதான் அந்தப் பேச்சு வீட்டுக்குள் எழுகிறது. 'யார்கிட்டயாவது கொடுத்துடலாமா?'

யார் வாங்குவார்கள்? நாலு வயசான பெரிய நாயை வாங்க ஆள் கிடைப்பதில்லை. எல்லோருக்கும் குட்டிதான் வேண்டும். தூரத்தில் இருக்கும் தோப்புக்குக் காவலுக்கு என்று கொடுப்பார்கள். அதுவும் இல்லை என்றால் காவிரிக் கரையிலோ, கொள்ளிடம் பாலத்துக்கு அந்தப் பக்கமோ இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவது. கழுத்தில் பட்டை போட்ட தடம் இன்னும் இருக்கும். வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கொசுவத்திப் புகையில் பெட்ஷீட்டில் படுத்த நாய்க்கு, தெருநாய்க் கூட்டத்தில் எச்சில் இலைக்குச் சண்டை போடத் தெரியாது.

பசியில் வாடும்படி நாயை அநாதையாக விடுவதும் அதே 1960 சட்டத்தில் குற்றம்தான். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அந்தக் காசுக்கு இரண்டு காபி வந்தால் அதிசயம்.

வழி

நாயை மறைக்காமல் வீடு பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற காரியங்கள் பெரிய ரகசியம் இல்லை.

புரோக்கரிடம் முதல் வார்த்தையே நாய்தான். அதனால் இருபது வீடு கழிந்து போகும். மிச்சம் இருக்கும் இரண்டு வீட்டை மட்டும் பார்த்தால் போதும். அலைச்சல் மிச்சம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையோடு இருக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியில் முதல் ஊசி, பிறகு வருஷா வருஷம். அதற்கான தேதியும் டாக்டர் கையெழுத்தும் உள்ள அட்டையைப் பார்த்தால் பாதிப் பயம் போகும். நாய்க்கு உரிமம் வாங்க வேண்டுமா என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டு, வேண்டும் என்றால் அந்த ரசீதும்.

முந்தைய வீட்டுக்காரர் போன் நம்பர் அதைவிட உசத்தி. 'அந்த நாயா? இருந்ததே தெரியாது' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பத்து மாத அட்வான்சுக்குச் சமம்.

முடிந்தால் நாயை நேரில் கொண்டுவந்து காட்டிவிடுவதும் நல்லது. நன்றாக ஓடவிட்டு, சாப்பாடு போட்டு, களைத்துப் போன சாயங்கால நேரத்தில் கொண்டு வர வேண்டும். வீட்டுக்காரரின் பேரப்பிள்ளை கிட்டே வந்து தலையைத் தடவிவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

முக்கியமானது ஒப்பந்தம். நாய் இருப்பதை அதில் ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். காலி செய்யும்போது கதவுக்குப் பாலிஷ், சுவருக்கு வெள்ளை என் செலவு என்றும் எழுதலாம். நாளைக்கு மேல்வீட்டுக்காரரோ, சங்கச் செயலாளரோ வந்து நின்றால் அந்த ஒரு வரிதான் பேசும். வாய்ப்பேச்சாக 'சரி சரி, வெச்சுக்கங்க' என்று சொன்னவர், அடுத்த மாசம் 'நான் எப்ப சொன்னேன்?' என்பார்.

ஊருக்கு நடுவில்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. வயலூர் ரோடு, எடமலைப்பட்டிபுதூர், திருவெறும்பூர்ப் பக்கம் காம்பவுண்டு சுவரோடு தனி வீடு தேடிப் பார்க்கலாம். அங்கே வெறும் மனைகள் நடுவே ஒற்றையாக வீடு கட்டிவிட்டுத் திருடன் பயத்தில் தூங்காத சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் காதுக்கு 'பெரிய நாய்' என்பது நல்ல செய்தி!

நம் குமாஸ்தாவுக்கும் கடைசியில் அப்படி ஒரு வீடுதான் அமையும். கீழே அவர் குடும்பம், மாடியில் வீட்டுக்காரர். பேங்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மகள் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். வாடகையில் மிச்சமானது பஸ் டிக்கெட்டுக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு வீட்டுக்காரர் கேட்பார், 'ராத்திரி யாராவது கேட்டைத் தொட்டா குரைக்குமில்ல?'

'அதெல்லாம் குரைக்கும்' என்பார் குமாஸ்தா, மணியைத் திரும்பிப் பார்க்காமல்.